சின்னப் படத்துக்கு வேலூரில் எந்த விளம்பரம் ஆள் சேர்க்கும்?

சினிமா வியாபாரத்தில் வட ஆற்காடு இன்னும் இருக்கிறது. 1989இல் அந்த மாவட்டம் பிரிந்தது, 2019இல் வேலூரும் மூன்றாகப் பிரிந்தது. விநியோகஸ்தர்கள் மட்டும் வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு மூன்றையும் சேர்த்து என்.எஸ்.சி. ஏரியா என்றே இன்றைக்கும் படத்தை விற்கிறார்கள். பெரிய நடிகரின் படத்துக்கு அது போதும். தாம்பரத்தில் கூடும் கூட்டம்தான் ஆம்பூரிலும் கூடும். முகம் தெரியாத நடிகர்களை வைத்து, நண்பர்களிடம் கைமாற்று வாங்கி எடுத்த படத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அதற்கு ஊர் ஊராகத்தான் ஆள் சேர்க்க வேண்டும்.

பேச வசதியாக ஒரு படத்தைக் கற்பனை செய்துகொள்வோம். குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் ஒரு குடும்பத்தின் கதை. இரண்டு மணி நேரம், யு சான்றிதழ், தெரிந்த நடிகர் ஒருவர்கூட இல்லை. வேலூர், குடியாத்தம், ஆற்காடு, ஆம்பூர் என்று ஊருக்கு ஒரு திரை கிடைத்திருக்கிறது, அதுவும் காலைக் காட்சி. விளம்பரத்துக்கு மிச்சமிருக்கும் பணத்தில் ஏதாவது ஒன்றைத்தான் ஒழுங்காகச் செய்ய முடியும். பத்திரிகைத் தொடர்பைப் பார்த்துக்கொள்ளும் சென்னை பி.ஆர்.ஓ.வா, சுவர் போஸ்டரா, செல்போன் விளம்பரமா, வெளியீட்டுக்கு முன்பே ஊர் மக்களுக்குப் போட்டுக் காட்டுவதா?

தமிழ் சினிமாவில் பி.ஆர்.ஓ. என்ற வேலை 1958இல் ‘நாடோடி மன்னன்’ படத்தோடு, பிலிம் நியூஸ் ஆனந்தன் கையில் தொடங்கியது. இன்றைக்கு ஒரு பி.ஆர்.ஓ. ஃபர்ஸ்ட் லுக், டிரைலர் செய்திகளை நாளிதழிலும் இணையதளங்களிலும் வரவைப்பார், இசை வெளியீட்டுக்கு நிருபர்களை அழைப்பார், யூடியூப் பேட்டிகளுக்கு நேரம் வாங்கித் தருவார், பிரஸ் ஷோ நடத்துவார். இதில் பிரஸ் ஷோவை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். எழுத்தில் வந்த நாலு நல்ல விமர்சனம், ஓ.டி.டி. நிறுவனத்திடம் பேசும்போதும் அடுத்த படத்துக்குத் தயாரிப்பாளர் தேடும்போதும் கூடவே வரும். ஆனால் அதைப் படித்துவிட்டு வெள்ளிக்கிழமை காலை குடியாத்தத்தில் டிக்கெட் எடுப்பவர்கள் எத்தனை பேர்? சென்னையில் கிளம்பும் பேச்சு இங்கே வந்து சேர்வதற்குள் காலைக் காட்சிப் படத்தைத் தூக்கிவிடுவார்கள். 2024 நவம்பரில் தியேட்டர் வளாகத்தில் யூடியூப் சேனல்கள் ரசிகர்களிடம் பேட்டி எடுக்க விடாதீர்கள் என்று தயாரிப்பாளர்கள் தரப்பிலிருந்து அறிக்கையே வந்தது. அது பெரிய படங்களின் கவலை. நம் படம் ஓடும் வாசலுக்கு அந்தக் கேமராக்கள் வருவதே இல்லை.

சுவர் போஸ்டரைப் பழைய காலத்துச் சமாச்சாரம் என்று இளம் இயக்குநர்கள் ஒதுக்குகிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எந்தத் தியேட்டர், எத்தனை மணிக் காட்சி என்பதைப் போஸ்டர்தான் சொல்கிறது. டிரைலரைப் பத்து லட்சம் பேர் பார்த்தாலும் அந்த ஒரு தகவல் அதில் இருக்காது. சிவகாசியில் அச்சடித்து வரும் போஸ்டரின் அடியில் தியேட்டர் பெயர் போட்ட ஸ்லிப்பை ஒட்டுகிறார்களே, முழுப் போஸ்டரையும்விட அதுதான் முக்கியம். அதன் எழுத்தைப் பெரிதாகப் போடச் சொல்லுங்கள்.

எங்கே ஒட்டுவது என்பதும் முக்கியம். காட்பாடி ரயில் நிலையத்தைச் சுற்றி ஒட்டினால் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் வெளியூர்க்காரர்கள். தியேட்டரிலிருந்து நடந்து போகும் தூரத்தில், டீக்கடைக்கும் ஷேர் ஆட்டோ ஸ்டாண்டுக்கும் எதிரே ஒட்டினால் போதும். வியாழன் ராத்திரி ஒட்டியது, வெள்ளி ராத்திரியே ஒரு கண்ணீர் அஞ்சலிக்கோ கட்சிக் கூட்டத்துக்கோ அடியில் போய்விடும். அதனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒட்டித் தீர்க்காமல் பாதியைச் சனிக்கிழமை ராத்திரிக்கு வைத்துக்கொள்ள வேண்டும். சுவருக்கு உரியவரிடம் அனுமதி கேட்பது அவசியம். 1959லிருந்தே இதற்குச் சட்டம் உண்டு. ஃப்ளெக்ஸ் பேனரை நினைக்கவே வேண்டாம். 2019இல் சென்னையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண் உயிர் போனதை நாம் யாரும் மறக்கக் கூடாது.

ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்பது ஒடுகத்தூர், பேரணாம்பட்டுப் பக்கத்துக் கிராமங்களில் இன்னும் எடுபடும். உள்ளூர் கேபிளில் ஓடும் வரி விளம்பரம் செலவுக்கு ஈடான பலன் தருவதில்லை என்பது என் கணிப்பு.

போஸ்டருக்கு ஒரு பெரிய குறையும் உண்டு. இடத்தையும் நேரத்தையும் சொல்லும், ஏன் பார்க்க வேண்டும் என்று சொல்லாது. தெரிந்த நடிகர் இருந்தால் அந்தக் கேள்வியே எழாது. நம் படத்தில் அதுதான் முதல் கேள்வி.

அதற்குச் செல்போன் விளம்பரம் பதில் சொல்லும் என்று பலரும் நம்புகிறார்கள். இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் வேலூரைச் சுற்றி இத்தனை கிலோமீட்டர் என்று வட்டம் போட்டு, அதற்குள் இருப்பவர்களுக்கு மட்டும் படத்தின் அரை நிமிடத் துண்டைக் காட்டலாம். கேட்க நன்றாக இருக்கிறது. வேலூரைச் சுற்றிக் கொஞ்சம் பெரிய வட்டம் போட்டால் சித்தூர் உள்ளே வந்துவிடும். சின்ன வட்டமாகப் போட்டால் குடியாத்தம் வெளியே போய்விடும். வட்டத்துக்குள்ளேயே சி.எம்.சி.க்கு வைத்தியம் பார்க்க வந்த வங்காளக் குடும்பங்களும், பல மாநிலங்களிலிருந்து வி.ஐ.டி.க்குப் படிக்க வந்த மாணவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் செல்போனில் நம் விளம்பரம் ஓடினால் பணம் போகும், டிக்கெட் போகாது. அதனால் ஒரே வட்டம் போடாமல் குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு என்று ஊருக்கு ஒரு சின்ன வட்டமும், மொழி தமிழ் என்ற வடிகட்டியும் போட வேண்டும். ஒவ்வொரு ஊர் விளம்பரத்திலும் அந்த ஊர்த் தியேட்டரின் பெயர் வர வேண்டும். வாணியம்பாடி, பேரணாம்பட்டில் வீட்டில் உருது பேசுகிறவர்களும் தமிழ்ப் படம் பார்க்கிறவர்கள்தான். செல்போன் மொழியை வைத்து வடிகட்டும்போது அவர்களில் சிலரும் விடுபட்டுப் போவார்கள், அந்த ஊர்களுக்கு வடிகட்டி வேண்டாம்.

இன்னொன்று. நம் பக்கத்தில் எருது விடும் விழாவை நேரலையில் காட்டும் உள்ளூர் யூடியூப் சேனல்கள் இருக்கின்றன. தை, மாசியில் அதைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் இந்த ஊர்க்காரர்கள், வெளியூர்ப் போனவர்கள், சொந்த ஊர்ப் பேச்சைக் கேட்க ஆசைப்படுகிறவர்கள். நம் மாவட்டப் பேச்சில் வசனம் பேசும் படத்துக்கு, சென்னை சினிமாச் சேனலில் வரும் ஒரு மணி நேரப் பேட்டியைவிட இங்கே வரும் இரண்டு நிமிடத் துண்டு அதிகம் வேலை செய்யும் என்று நம்புகிறேன்.

இருந்தாலும் பணமும் உழைப்பும் ஒரு வழிக்குத்தான் போதும் என்றால், நான் வெளியீட்டுக்கு முன்பே ஊர் மக்களுக்குப் போட்டுக் காட்டும் முன்திரையிடலையே தேர்ந்தெடுப்பேன்.

அமெரிக்காவில் ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’ சுமார் 15,000 டாலரில் எடுத்த படம். 2009இல் பாராமவுண்ட் நிறுவனம் அதை முதலில் சில கல்லூரி நகரங்களில் நள்ளிரவுக் காட்சியாக மட்டும் போட்டது. எங்கள் ஊரிலும் போடுங்கள் என்று இணையத்தில் கோரிக்கை வைக்கச் சொன்னது. கோரிக்கை பத்து லட்சத்தைத் தொட்டதும் நாடு முழுக்க வெளியிட்டது. அவர்களிடம் இருந்த பணம் நம்மிடம் இல்லை, ஆனால் அந்த வரிசை நமக்கும் ஆகும். முதலில் கொஞ்சம் பேருக்குக் காட்டு, அவர்களைப் பேச விடு, எந்த ஊர் கேட்கிறதோ அந்த ஊருக்குப் போ.

வேலூரும் கல்லூரி நகரம்தான். ஆனால் வி.ஐ.டி. அரங்கில் கிடைக்கும் கைதட்டலை நம்பித் தியேட்டர் பிடிக்க முடியாது. ஓட்டேரி முத்துரங்கம் அரசுக் கல்லூரிக்குச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளைகள், சாயங்காலம் வீட்டுக்குப் போய் அம்மாவிடமும் தெருவிலும் சொல்வார்கள். நான் அங்கேதான் முதலில் போவேன். தமுஎகச என்கிற தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் கிளைகள் மாதிரி ஊர்தோறும் இலக்கியமும் சினிமாவும் பேசுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டால் ஆள் திரட்டித் தருவார்கள். ஆனால் ஏற்கெனவே நல்ல சினிமாவைத் தேடிப் பார்க்கிறவர்களோடு நின்றுவிடக் கூடாது. நம் படத்துக்கு முதல் அழைப்பு குடியாத்தத்து நெசவாளர் கூட்டுறவு சங்கங்களுக்குப் போக வேண்டும். தறியில் உட்காருகிறவர் பார்த்துவிட்டு “அப்படியேதான் இருக்கு” என்று சொன்னால், அதை மிஞ்சும் போஸ்டர் வாசகம் எந்த எழுத்தாளராலும் எழுத முடியாது.

நடைமுறையில் சில விஷயங்கள். சான்றிதழ் கைக்கு வந்த பிறகே காட்டுங்கள், கல்லூரியில் போட்டாலும் அது பொதுத் திரையிடல்தான். வெளியீட்டுக்கு ஒரு வாரம் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, முடிந்தால் படம் ஓடப்போகும் அதே தியேட்டரில் போடுங்கள். மாதக்கணக்கில் முன்னால் போட்டால் பேச்சு ஆறிப் போய்விடும். இயக்குநரும் நடித்தவர்களும் கடைசி ஆள் வெளியே போகும்வரை வாசலில் நிற்க வேண்டும். பார்த்தவர்களிடம் வாட்ஸ்அப் எண் வாங்கிக்கொண்டு, வெள்ளிக்கிழமை காலை காட்சி நேரத்தை அனுப்புங்கள். இலவசமாகப் பார்த்தவர் திரும்பக் காசு கொடுக்க மாட்டாரே என்று சிலர் பயப்படுகிறார்கள். அவர் வராவிட்டாலும் பரவாயில்லை, அவர் வீட்டிலிருந்து இரண்டு பேர் வருவார்கள்.

இதில் ஆபத்து இல்லாமல் இல்லை. படம் சுமாராக இருந்தால் அந்தச் செய்தியும் அதே வேகத்தில் போகும். மற்ற மூன்று வழிகளிலும் முதல் மூன்று நாளைக்காவது மறைத்து வைக்கலாம், இதில் முடியாது. படத்தின் மேல் நம்பிக்கை இல்லாதவர்கள் இந்த வழிக்கு வர வேண்டாம்.

விருதை நம்பிக் காத்திருக்கலாமா என்று கேட்பார்கள். ‘கூழாங்கல்’ 2021இல் ராட்டர்டாம் விழாவில் புலி விருது வாங்கியது. தமிழுக்கே பெருமை. நம் ஜனங்கள் அதைப் பார்த்தது 2023 அக்டோபரில், சோனி லிவ் தளத்தில். ‘டு லெட்’ படத்துக்குத் தேசிய விருது அறிவித்தது 2018 ஏப்ரலில், தியேட்டருக்கு வந்தது 2019 பிப்ரவரியில். விருது படத்துக்கு நீண்ட ஆயுள் தரும், வெள்ளிக்கிழமைக் கூட்டம் தராது. இரண்டும் வேறு வேறு வேலை.

வெளியீட்டுத் தேதியும் ஒரு விளம்பரம்தான், அதற்குக் காசு கிடையாது. வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. வெளியூரில் பிழைக்கப் போன குடும்பங்கள் எல்லாம் அந்த வாரம் ஊரில் இருக்கும். கோடை விடுமுறையில் பெரிய படங்களும் வரும் என்பதால் வேலூரில் அப்போது திரை கிடைக்காது. கிடைக்காவிட்டால் போகட்டும், நான் குடியாத்தத்தில் மட்டும் முதலில் போடுவேன்.

அப்புறம், கையிலிருக்கும் பணத்தில் கால் பங்கையாவது வெளியீட்டுக்குப் பிறகு செலவழிக்க வைத்திருக்க வேண்டும். ஞாயிறு ராத்திரி நாலு ஊர் வசூலும் கைக்கு வந்துவிடும். ஆம்பூரில் ஆள் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். குடியாத்தத்தில் பாதி அரங்கு நிறைந்திருந்தால், திங்கட்கிழமை காலையிலேயே மேனேஜரைப் பார்த்து மாலைக் காட்சி ஒன்று கேளுங்கள். தறி ஓடுகிற நேரத்தில் நெசவாளர் படத்துக்கு வர முடியாது என்பது அவருக்கும் தெரியும். கொடுத்துவிட்டால், மிச்சமிருக்கும் போஸ்டரில் புது நேரத்தோடு ஸ்லிப் ஒட்டி அன்று ராத்திரியே சுவரில் ஏற்றிவிடலாம்.