மழைக்கு முன் டயர்: மலிவான புதுசா, செகண்ட் ஹேண்டா?

சிங்கப்பூரில் நவம்பர் முதல் ஜனவரி வரை மழை கொட்டும். அதற்குள் டயர் மாற்ற நினைப்பவர்கள் விலையை மட்டும் பார்க்காதீர்கள், மிச்சமிருக்கும் தடத்தின் (சாலையைத் தொடும் பக்கத்தில் உள்ள பள்ளங்களின்) ஆழத்தையும் பாருங்கள்.

புது டயரில் சுமார் 8 மி.மீ. இருக்கும். சட்டப்படி குறைந்தபட்சம் 1.6 மி.மீ. ஆனால் ஈரச் சாலையில் 3 மி.மீ.க்குக் கீழே போனாலே தண்ணீரை வெளியேற்றும் திறன் வெகுவாகக் குறைந்து, எக்ஸ்பிரஸ்வேயில் கார் வழுக்கும். ஆக, புதியதில் 5 மி.மீ. பயன்படும், 4 மி.மீ. உள்ள பழையதில் வெறும் 1 மி.மீ.தான். பாதி விலைக்குக் கொடுத்தாலும் பழையது நட்டமே.

காரை விரைவில் ஸ்கிராப் செய்யப் போகிறீர்களா? அப்போது மட்டும் பழையது சரி. அதன் வயதை அறிய, பக்கச்சுவரில் டிஓடி (DOT) எழுத்துகளை அடுத்து வரும் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2321 என்றால் 2021இன் 23ஆவது வாரத் தயாரிப்பு. மாட்டுவதற்கு முன் உட்புறத்தைக் கையால் தடவுங்கள். பக்கச்சுவரில் ஒட்டுப் போட்டிருந்தாலோ புடைத்திருந்தாலோ வேண்டவே வேண்டாம், வேகத்தில் வெடிக்கும்.

புதியதிலும் 205/55 ஆர்16 போன்ற அளவும், அதை அடுத்து வரும் 91வி போன்ற சுமை, வேகக் குறியீடுகளும் காருக்குப் பொருந்த வேண்டும். பேலன்சிங், வால்வு விலையில் சேர்த்தியா என்று முதலிலேயே கேளுங்கள். இரண்டு மட்டும் வாங்கினால் பின்சக்கரங்களில் மாட்டச் சொல்லுங்கள். முன்சக்கர டிரைவ் காருக்கும் அப்படித்தான்.