அட்டர்லிக்கு மேலே இரண்டு மணி நேரம்

கடந்த நவம்பரில் ஊருக்கு வந்திருந்தபோது, மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் மலை ரயிலில் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஏறினேன். ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் பிடிக்கும்போது இறங்கித் தேநீர் குடிக்கலாம் என்று காத்திருந்தவர்களுக்கு, அட்டர்லியைத் தாண்டியதுமே வண்டி நின்றுவிட்டது. முந்தைய இரவு மழையில் முன்னால் மண் சரிந்திருப்பதாக பிரேக்ஸ்மேன் வந்து சொன்னார்.

நான் 16 ஆண்டுகளாக வசிப்பது ஸ்விட்சர்லாந்தின் வின்டர்தூரில். இந்த மலையேறும் எக்ஸ் வகை நீராவி எஞ்சின்கள் முதன்முதலில் உருவானதும் அதே ஊரில்தான் என்பதால், இந்த ரயிலின் மீது எனக்குத் தனிப் பாசம் உண்டு. அன்றோ எரிச்சல்தான் மேலோங்கி நின்றது.

அனுமதி பெற்று இறங்கிப் போய்ப் பார்த்தேன். ஐந்தாறு பேர் மண்வெட்டியாலும் கடப்பாரையாலும் சேற்றை அள்ளிப் பள்ளத்தில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். தண்டவாளங்களின் நடுவே இரண்டு பல் சட்டங்கள் ஓடுகின்றன அல்லவா, ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் பள்ளம் வரும்படி அமைந்தவை. அந்தப் பற்களின் இடுக்கில் அடைந்திருந்த சரளைக் கற்களை, வயதில் மூத்த ஒருவர் குந்தியபடி இரும்புக் கம்பியால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார். எஞ்சினின் பல் சக்கரம் சரியாகக் கவ்வ வேண்டுமானால் ஒரு கல்கூட அங்கே தங்கக் கூடாது. கம்பியால் எடுத்த பிறகும் விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பல்லுக்கு நகர்ந்தார்.

"ஒவ்வொரு மழைக்கும் இப்படித்தானா அண்ணா?" என்று கேட்டேன்.

"மேலிருந்து வர்ற தண்ணிக்கு ஒழுங்கா வழி விட்டுட்டா, மலை ஏனுங்க இறங்கி வருது?" என்றார்.

கல்லாறு முதல் குன்னூர் வரையிலான ஏறத்தாழ 19 கி.மீ. தூரத்தில், 12 அடிக்கு ஓர் அடி ஏற்றத்தில், வண்டி மணிக்கு 13 கி.மீ. வேகத்தில்தான் ஏறுகிறது. புதிய எஞ்சின் கொடுத்தால் விரைவாகப் போகலாமே என்று பெட்டியில் ஒருவர் சலித்துக்கொண்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை. இதே மீட்டர் அகலப் பாதையும், ஆப்ட் முறை எனப்படும் இதே இரட்டைப் பல் சட்டமும் கொண்ட ஸ்விட்சர்லாந்தின் விஸ்ப்–செர்மாட் வழித்தடத்தில் 8 அடிக்கு ஓர் அடி ஏற்றத்தைக்கூட மின்சார ரயில் விரைவாகக் கடப்பதை அடிக்கடி பார்க்கிறேன். ஆனால் அங்கே பாறை விழும் இடங்களில் கம்பி வலைகளும் பாதைக்கு மேல் கூரைகளும் மலையைத் தடுத்து நிற்கின்றன. 1991-இல் ராண்டா என்னுமிடத்தில் மலையே சரிந்து பாதையை மூடியபோது, அதை விட்டு விலகிப் புதிய தடமே அமைத்தார்கள். வேகத்துக்குச் செலவழிப்பதற்கு முன் சரிவுக்குச் செலவழித்தவர்கள் அவர்கள். நம் மலையிலும் சரிவின் உச்சியிலேயே நீரைத் திருப்பிவிடும் வடிகால், தளர்ந்த மண்ணைத் தாங்கும் சுவர், பாறைக்கு வலை ஆகியவை முதலில் வரட்டும். 1899 முதல் குன்னூருக்கு ஏறிவரும் நீராவி வண்டி அதே 13 கி.மீ. வேகத்தில் போகட்டும், நடுவழியில் நிற்காமல் போனாலே அன்று எங்களுக்கு இரண்டு மணி நேரம் மிஞ்சியிருக்கும்.

பிரேக்ஸ்மேன்கள் பச்சைக் கொடி காட்ட, வண்டி அந்த இடத்தை ஊர்ந்து கடந்தது. மற்றவர்கள் ஒதுங்கி நின்று கையசைத்தார்கள். அந்த மூத்தவர் மட்டும் எங்கள் பக்கம் திரும்பாமல், மண் மூடிய வடிகாலின் வாயை மண்வெட்டியால் திறந்துகொண்டிருந்தார். செந்நீர் பாதையை விட்டு அந்தப் பக்கமாகத் திரும்பத் தொடங்கியிருந்தது.