பில்லில் லோடு சென்சிங், டிராக்டரில் வெறும் கண்துடைப்பு: பவர் பியாண்ட் பொருத்தப் போகிறவர்கள் கவனத்துக்கு

டிராக்டருக்குப் பின்னால் பவர் பியாண்ட் இணைப்பு, அதாவது டிராக்டரின் சொந்த வால்வுகளைத் தாண்டி பம்பின் ஆயிலை நேராகக் கருவிக்குக் கொண்டுபோகும் இணைப்பு, பொருத்தப் போகிறீர்களா? பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு ஒரு விற்பனையாளர் பொருத்திக்கொடுத்தது வேலை செய்தது, அதுதான் சிக்கலே. விதைப்புக் கருவி தூக்கியது, இறக்கியது, ஃபேன் சுற்றியது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. உள்ளே பம்ப் மட்டும் எஞ்சினை ஸ்டார்ட் செய்த நொடியிலிருந்து உச்ச அழுத்தத்தில் திணறிக்கொண்டிருந்தது.

என்ன ஏமாற்று என்று புரிய, பம்ப் எப்படி ஆயில் தருகிறது என்பது தெரிய வேண்டும். சாதாரண டிராக்டர்களில் இருப்பது கியர் பம்ப். எஞ்சின் ஓடும்வரை ஆயிலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். லீவரைத் தொடாதபோது அந்த ஆயில் வால்வின் நடுவழியே பெரிய அழுத்தம் இல்லாமல் டாங்குக்குத் திரும்பிவிடும். இதை ஓபன் சென்டர் என்பார்கள். என் டிராக்டரில் இருப்பது பிஸ்டன் பம்ப். அதற்குள் இருக்கும் தட்டின் சாய்வு மாறினால் வெளிவரும் ஆயிலின் அளவும் மாறும். எவ்வளவு வேண்டும் என்பதைப் பம்புக்குச் சொல்வது ஒரு மெல்லிய ஹோஸ், அதாவது சிக்னல் லைன். சிலிண்டருக்கு 80 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) தேவை என்றால் அந்த 80 பார் அழுத்தம் இந்த ஹோஸ் வழியாகப் பம்பின் கட்டுப்பாட்டு வால்வுக்கு வந்து சேரும். பம்ப் அதற்கு மேல் 20 பார் அளவுக்குக் கூட்டி, 100 பாரில் தேவையான ஆயிலை மட்டும் அனுப்பும். யாரும் கேட்காதபோது சாய்வைக் குறைத்துக்கொண்டு 20, 30 பாரில் சும்மா காத்திருக்கும். இதைத்தான் லோடு சென்சிங் என்பார்கள். விலை கூடின டிராக்டரை நாம் வாங்குவதே இந்த வசதிக்காகத்தான்.

ஆகவே பவர் பியாண்டில் குறைந்தது மூன்று இணைப்புகள் இருக்க வேண்டும்: அழுத்தம், ரிட்டர்ன், சிக்னல். எனக்குக் கொடுத்த பில்லிலும் மூன்றும் இருந்தன. டிராக்டரின் பின்பக்கத்திலும் ஹோஸை மாட்டும் மூன்று கப்ளர்கள், மூடியோடு அழகாக இருந்தன. ஆனால் சிக்னல் கப்ளருக்குப் பின்னால் எதுவுமே இல்லை, அடைத்து வைத்திருந்தார்கள். பம்பின் சிக்னல் வாயை ஒரு குட்டி ஹோஸால் நேராக அழுத்த லைனோடு கோத்துவிட்டிருந்தார்கள்.

இதன் விளைவைப் பாருங்கள். பம்ப் எந்த அழுத்தத்தைத் தருகிறதோ அதே அழுத்தம் சிக்னலாக அதற்கே திரும்பி வருகிறது. 'இன்னும் 20 பார் வேண்டும்' என்று யாரோ விடாமல் கேட்பதாகப் பம்ப் நினைத்துக்கொள்கிறது. கடைசி வரம்பான 200 பார் வரை ஏறி அங்கேயே நிற்கிறது. கருவிக்கு 80 பாரில் நிமிடத்துக்கு 40 லிட்டர் போதும் என்றாலும் பம்ப் அதை 200 பாரில்தான் தரும். மிச்சமுள்ள 120 பார் வால்வில் வெறும் சூடாகப் போகிறது. கணக்கு எளிது: பாரை லிட்டரால் பெருக்கி 600ஆல் வகுத்தால் கிலோவாட். 8 கிலோவாட் வீண். சரியாகப் பொருத்தியிருந்தால் இந்த இழப்பு 1.3 கிலோவாட்டில் நின்றிருக்கும். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு பிரேக்கால் வேகத்தைக் கட்டுப்படுத்துவது போன்ற வேலை இது.

ஆயில் கொதித்தது, பம்ப் இரைந்தது, டீசல் கூடுதலாகப் போனது. விற்பனையாளரிடம் சொன்னால் முதலில் ஆயில் சரியில்லை என்றார். மாற்றினோம், அதற்கும் பில். அப்புறம் கூலர் பெரிதாக வேண்டும் என்றார். கருவியின் மேலும் பழி போட்டார். தான் போட்ட இணைப்பைத் திறந்து பார்க்க மட்டும் வரவே இல்லை. எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். தெரியாமல் செய்திருந்தால் வந்து பார்த்திருப்பார்.

உண்மையைக் காட்டியது வேறொரு மெக்கானிக் கொண்டுவந்த பிரஷர் கேஜ். அழுத்த லைனில் அதை மாட்டி, எல்லா லீவரையும் நடுவில் வைத்து, எஞ்சினை ஐடிலில் விட்டார். முள் 200ஐ ஒட்டி நின்றது. உடனே சிக்னல் லைனைத் தேடிப்போய் அந்தக் குட்டி ஹோஸைக் கண்டுபிடித்தார்.

இன்னொன்றும் வெளியே வந்தது. ஆயில் அழுத்தத்தால் சுற்றும் ஃபேன் மோட்டாரின் உள்கசிவு ஆயில் தனி லைனில், எதிரழுத்தமே இல்லாமல் டாங்குக்குப் போக வேண்டும். இவர்கள் அதை ரிட்டர்ன் லைனோடு சேர்த்து, டிராக்டரின் சாதாரண வால்வு வழியாக அனுப்பியிருந்தார்கள். மோட்டாரின் ஆயில் சீல் பிய்ந்ததற்குக் காரணம் அதுதான். அதுவரை சீல் தரமில்லை என்று கருவி செய்தவர்களைத் திட்டிக்கொண்டிருந்தோம். (கசிவைத் தேடும்போது ஹோஸைக் கையால் தடவாதீர்கள். ஊசிமுனை ஓட்டையிலிருந்து பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும், உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே இழக்க நேரலாம். அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள்.)

நீங்கள் பொருத்தினால், வண்டியை எடுப்பதற்கு முன் அங்கேயே கேஜ் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். கருவி சும்மா இருக்கும்போது முள் கீழே இருக்க வேண்டும், லீவரைத் தள்ளினால் ஏற வேண்டும், விட்டதும் இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் சிக்னல் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது. டிராக்டரின் சொந்த சிக்னலும் கருவியின் சிக்னலும் சேரும் இடத்தில் ஷட்டில் வால்வு இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டில் எது பெரிதோ அதைப் பம்புக்கு அனுப்புவது அதுதான். கருவியின் வால்வு பிளாக்கில் ஓபன் சென்டர், லோடு சென்சிங் என்று மாற்றும் திருகு இருந்தால் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் பாருங்கள். பவர் பியாண்டுக்கென்றே ஐஎஸ்ஓ 17567 என்ற தரநிலை இருக்கிறது. அதன்படி பொருத்தியதாகப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

இப்போது அந்த மெக்கானிக் எல்லாவற்றையும் பிரித்துச் சரியாகக் கோத்துவிட்டார். சும்மா நிற்கும்போது கேஜ் 30 பாருக்குள் காட்டுகிறது, ஆயில் சூடும் அடங்கிவிட்டது. வீணாக மாற்றிய ஆயிலுக்கும் பிய்ந்த சீலுக்கும் ஆன பணத்தைக் கேட்டு, கழற்றிய ஹோஸின் படத்தோடு விற்பனையாளருக்கு எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.