ஐஸ் பெக்டரியை பிரவுசரில் பார்ப்பதும் இயக்குவதும்: சில வருட அனுபவம்

திருகோணமலையில் கொட்பே மீன்பிடித் துறைமுகப் பக்கம் ஒரு ஐஸ் பெக்டரியில் மின் பராமரிப்பு என் வேலை. கொம்பிரசர், உப்புத் தண்ணீர்த் தொட்டி, கண்டென்சர் பம்ப் எல்லாவற்றையும் அங்கே பிரவுசர் வழியாகப் பார்க்கிறோம், கொஞ்சம் இயக்கவும் செய்கிறோம். சில வருடம் ஓடிவிட்டது. தெரிந்த ஆட்கள் "நாங்களும் போடலாமா" என்று கேட்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. பார்ப்பதற்கு இதைவிட வசதி கிடையாது. இயக்குவதென்றால் எதை பிரவுசரிடம் விடலாம், எதை விடக்கூடாது என்று முதலிலேயே கோடு போட வேண்டும், அது முடியாது என்றால் வேண்டாம்.

நாங்கள் இதற்கு வந்தது உப்புக்காற்றால். பெனல் பூட்டிலிருந்து ஸ்க்ரூ வரை எல்லாம் துருப்பிடிக்கிற இடம். பெனல் கதவில் பதித்திருந்த தொடுதிரை முதலில் ஓரங்களில் தொட்டால் கேட்காமல் போனது, பிறகு மொத்தமாக இருண்டுவிட்டது. அது 2022. நாட்டில் டொலர் இல்லை, இறக்குமதிக்குக் கட்டுப்பாடு, கொழும்பில் கேட்ட இடமெல்லாம் அந்த மாடல் இல்லை என்றார்கள், இருக்கிறது என்ற ஓரிடத்தில் சொன்ன விலையைக் கேட்டு முதலாளி பேசாமல் போனை வைத்துவிட்டார். உள்ளே பிஎல்சி, அதாவது மெஷின்களை இயக்குகிற கட்டுப்பாட்டுக் கருவி, மட்டும் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. சரி, திரைதானே, எந்தத் திரையாக இருந்தால் என்ன என்று முடிவெடுத்தோம். இப்போது அலுவலகக் கணினி, சுவரில் ஒரு மலிவு டெப்லெட், முதலாளியின் போன், என் போன் எல்லாம் காட்டுவது ஒரே பக்கத்தைத்தான். டெப்லெட் செத்தால் டவுனில் இன்னொன்று வாங்கி முகவரியைத் தட்டினால் வேலை முடிந்தது.

இதற்கு முன் வேறோர் இடத்தில் பழைய காலத்து பிரவுசர் பெனல் ஒன்றும் பார்த்திருக்கிறேன், ஜாவா அப்லெட்டில் ஓடுவது, பிரவுசரில் பிளகின் என்ற துணை மென்பொருளைத் தனியாகச் சேர்த்தால்தான் வேலை செய்யும். குரோம் 2015இலும் ஃபயர்ஃபொக்ஸ் 2017இலும் அந்த வகை பிளகின்களைக் கைவிட்டன, ஃபிளாஷ் 2020 டிசம்பரோடு முடிந்தது, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு 2022 ஜூன் 15இல் கதை முடிந்தது. அங்கே மெஷின் நன்றாக இருக்க, அதைப் பார்ப்பதற்கென்றே ஒரு கிழட்டு லாப்டாப்பை அப்டேட் பண்ணாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். அதனால் விற்க வருகிறவர் ஏதாவது பிளகின் போடச் சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள்.

எங்கள் அமைப்பு எளிது. பிஎல்சி மொட்பஸ் என்ற நெறிமுறையில் தகவல் பேசுகிறது, ஒரு சின்னக் கணினியில் நோட்-ரெட் என்ற மென்பொருள் அதை வாசித்து வெப்சொக்கட் (பிரவுசரோடு திறந்தே இருக்கும் இணைப்பு) வழியாகப் பக்கத்துக்குத் தள்ளுகிறது. வேகத்தைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

குறை வேறு இடத்தில். ஒரு நாள் இரவு ஷிஃப்டில் இருக்கிற அண்ணன் போன் எடுத்தார். "தம்பி, தொட்டி மைனஸ் ஒன்பது தசம் நாலிலயே கன நேரமா நிக்குது. கடைசி நம்பர் எப்பவும் ஆடுமெல்லே, இது ஆடேல்ல." அவர் சொன்னது சரி. கொம்பிரசர் ஓடும்போது உப்புத் தண்ணீரின் வெப்பநிலை கடைசித் தசமத்தில் மேலும் கீழும் துடித்துக்கொண்டே இருக்கும். நடந்தது என்னவென்றால் வைஃபை விழுந்திருக்கிறது, ஆனால் இணைப்பு அறுந்ததே பிரவுசருக்குத் தெரியவில்லை, கடைசியாக வந்த இலக்கத்தை நல்ல பச்சை நிறத்தில் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றது. பழைய ஊசி மீற்றரில் வயர் கழன்றால் ஊசி விழும். இங்கே எதுவும் விழுவதில்லை.

இப்போது பிஎல்சிக்குள் செக்கனுக்கு ஒன்று கூடுகிற ஒரு எண்ணி வைத்திருக்கிறோம். அது ஐந்து செக்கன் மாறாமல் நின்றால் பக்கத்தில் உள்ள எல்லா இலக்கமும் சாம்பல் நிறமாகி, கடைசியாகத் தகவல் வந்த நேரம் மேலே பெரிதாக வரும். எண்ணி பிஎல்சிக்குள்தான் இருக்க வேண்டும், இதைக் கவனியுங்கள். நடுவில் உள்ள கணினியில் வைத்தால், அதற்கும் பிஎல்சிக்கும் நடுவில் வயர் கழன்றாலும் அது பாட்டுக்கு எண்ணிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது சத்தம். பக்கத்தை ஒருதரமாவது தொடாமல் அதில் சத்தம் வரக்கூடாது என்பது இன்றைய பிரவுசர்களின் விதி, குரோமில் இது 2018இல் வந்தது. விளம்பர வீடியோக்களுக்காகக் கொண்டுவந்த விதி, சாதாரண ஆளுக்கு நல்லது. எங்களுக்கு எப்படி வந்தது பாருங்கள்: கரண்ட் போகிறது, ஜெனரேட்டர் எடுக்கிறது, கணினி திரும்ப எழும்பி பக்கத்தைத் தானாகவே திறக்கிறது, யாரும் தொடவில்லை. பிறகு கண்டென்சர் பம்ப் டிரிப் ஆகி, அதாவது தானாக நின்று, அழுத்தம் ஏறுகிறது. திரையில் சிவப்பு மின்னுகிறது, ஆனால் ஒரு சத்தமும் இல்லை, ஆட்களோ வெளியே லொறிக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். அழுத்த சுவிட்ச் தன் வேலையைச் செய்து கொம்பிரசரை நிறுத்தியது, அதனால் குளிரூட்டும் வாயுவான அமோனியா பக்கம் பிரச்சினை வரவில்லை. பிரவுசரைத் தொடங்கும் கட்டளையிலேயே சத்தத்தைத் தடுக்காதே என்று ஒரு வரி சேர்க்கலாம், சேர்த்தும் விட்டோம். அப்புறம், பிஎல்சி ரிலேயிலிருந்து நேரடியாக ஒரு ஹூட்டரும் பூட்டினோம். உண்மையில் நான் நம்புவது ஹூட்டரை.

இன்னொரு டெப்பில் யாராவது யூடியூப் திறந்தால் நம்முடைய டெப் பின்னால் போய்விடும். குரோமில் 2021இலிருந்து, ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்திருக்கும் பக்கத்தின் டைமர்கள் நிமிடத்துக்கு ஒரு தடவை மட்டும் ஓடலாம். எனவே எச்சரிக்கை, டைமர், கணக்கு எதையும் பக்கத்துக்குள் வைக்காதீர்கள், எல்லாம் பிஎல்சியில் இருக்கட்டும். பகிர்ந்து பாவிக்கும் கணினியில் பிரவுசர் கடவுச்சொல்லை நினைவு வைத்து தானே நிரப்பிக் கொடுப்பதையும் நிறுத்திவிடுங்கள். எங்கள் இடத்தில் ஐஸ் வாங்க வந்தவர்கூட அந்தக் கதிரையில் இருந்து கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பார்.

இயக்குவது பற்றி. ஒரே பொத்தானை அழுத்தினால் ஓன், திரும்ப அழுத்தினால் ஓஃப் என்ற வகை பிரவுசரில் கூடவே கூடாது. சிக்னல் மந்தமாக இருக்கும்போது அழுத்துவார், ஒன்றும் நடக்காது, மறுபடி அழுத்துவார். இரண்டும் சேர்ந்து போய்ச் சேரும். பம்ப் எடுத்து உடனே நிற்கும், அவர் மூன்றாம் தரம் அழுத்துவார். எங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுத்தவர் அழகுக்காக இப்படித்தான் செய்திருந்தார். மாற்றச் சொன்னபோது முகம் சுளித்தார், மாற்றித்தான் தந்தார். இப்போது ஸ்டார்ட் தனி, ஸ்டொப் தனி, கட்டளை போனதும் பொத்தான் மங்கிவிடும், பிஎல்சி "ஓடுகிறது" என்று திருப்பிச் சொன்னால்தான் நிறம் மாறும்.

வெளியிலிருந்து எதையும் ஸ்டார்ட் பண்ண முடியாது, இது நாங்களாகப் போட்ட சட்டம். நான் உப்புவெளியில் வீட்டிலிருந்து போனில் பார்க்கிறேன், உள்ளே ஒருவர் பெல்ட்டில் கை வைத்துக்கொண்டிருக்கலாம், போனில் அது தெரியுமா? பெனலில் லோக்கல்-ரிமோட் சாவி சுவிட்ச் இருக்கிறது, வேலை செய்கிறவர் லோக்கலில் வைத்து சாவியைப் பொக்கற்றில் போட்டுக்கொள்வார், அதற்குமேல் பிரவுசரில் யார் தட்டினாலும் பிஎல்சி கேட்காது. அவசர நிறுத்தம் வழமைபோல் வயரில்தான். திரையில் ஒரு சிவப்பு வட்டம் வரைந்து அதுவும் எமர்ஜென்சி ஸ்டொப்தான் என்று ஒருவர் சொன்னால் அவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

வெளியிலிருந்து பார்க்க வயர்கார்ட் விபிஎன், அதாவது எங்கள் ஆட்கள் மட்டும் நுழையக்கூடிய பூட்டிய பாதை, போட்டிருக்கிறோம். ரவுட்டரில் போர்ட் (இணையத்திலிருந்து நேரே உள்ளே வரும் வாசல்) திறந்துவிட்டால் சுலபம் என்று ஆலோசனை சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். மொட்பஸ் 1979இல் வந்த நெறிமுறை, கடவுச்சொல் என்ற ஒன்றே அதில் கிடையாது, 502ஆம் போர்ட்டைக் கண்டுபிடித்தவர் வாசிக்கலாம், எழுதலாம். 2023 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அலிக்விப்பா என்ற ஊர் நீர் வழங்கலின் பிஎல்சிக்குள் ஹேக்கர்கள் புகுந்தார்கள். அதற்குப் பிறகு அங்கே அரசு கொடுத்த அறிவுரையில் முதல் வரிசையில் இருந்தவை, பிஎல்சியோடு வரும் "1111" கடவுச்சொல்லை மாற்றுங்கள், அதை இணையத்தில் திறந்து வைக்காதீர்கள் என்பவைதான்.

செலவு என்று பார்த்தால் சின்னக் கணினி, டெப்லெட், ரவுட்டருக்கு ஒரு யுபிஎஸ். யுபிஎஸ்ஸை விட்டுவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் ஜெனரேட்டர் எடுத்த பிறகும் ரவுட்டர் எழும்பும்வரை குருடாக நிற்க வேண்டியிருக்கும். மென்பொருளுக்கு நாங்கள் காசு கட்டவில்லை. ஆள் கூலிதான் பெரிது.

புதிதாகப் போடுகிறவர்கள் மிச்சக் காசைக் கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது பிஎல்சியின் லேன் வயரைக் கழற்றிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரைக்கு முன்னால் நில்லுங்கள். இலக்கங்கள் பச்சையாகவே இருந்தால் காசைப் பிடித்து வையுங்கள்.