கருவூலத்தில் காலி இருக்கை: விடுப்பில் ஊருக்கு வருபவர்கள் கவனத்துக்கு

மாநில அரசு ஓய்வூதியம் பெற்றுவந்த அப்பா காலமான பின் அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்தை முடித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பலாம் என்று மூன்று வார விடுப்பில் தமிழ்நாட்டுக்கு வருகிறீர்களா? சார்நிலைக் கருவூலத்தில் முதலில் விசாரிக்க வேண்டியது, ஓய்வூதியப் பிரிவில் கணக்கர் இருக்கிறாரா, அந்த இருக்கையை வேறொருவர் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறாரா என்பதைத்தான்.

பி.பி.ஓ. (ஓய்வூதியக் கொடுப்பாணை) புத்தகம், இறப்புச் சான்று, ஆதார், பான், வங்கிப் பாஸ்புக், புகைப்படம் எல்லாம் கையில் இருக்கட்டும். பி.பி.ஓ.வில் அம்மா பெயர் இருந்தால் கருவூலமே தொடங்கிவிடும். இல்லையென்றால் கோப்பு தேனாம்பேட்டை மாநிலக் கணக்காயர் அலுவலகம் வரை போய்வர வேண்டும். ஆதாரில் ஒரு இனிஷியல் மாறியிருந்தாலே திரும்பி வரும். இறப்பை உடனே தெரிவியுங்கள். அதற்குப் பின் வங்கியில் ஏறிய ஓய்வூதியத்தைப் பிடித்துக்கொள்வார்கள்.

தாள்கள் சரியாக இருந்தும் கோப்பு நிற்கிறது என்றால், பெரும்பாலும் ஆள் இல்லை என்று பொருள். கணக்கர் பதிவதை மேலே ஒருவர் சரிபார்த்து, அலுவலர் ஒப்புதல் தர வேண்டும். பொதுப்பணத்துக்கு அந்தக் காவல் அவசியம். ஆனால் நடுவில் ஒரு இருக்கை காலியானால் வரிசையே நின்றுவிடுகிறது.

மாநில அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020இல் 59, 2021இல் 60 என உயர்ந்ததால் இரண்டு ஆண்டு வயது முதிர்வு ஓய்வே அரிதாக இருந்தது; 2022இலிருந்து மறுபடி ஆட்கள் வெளியேறினார்கள். நேரடி நியமனம் அந்த வேகத்தில் வராது. 2022 பிப்ரவரியில் அறிவித்த குரூப் 2, 2ஏ தேர்வுக்கு முதல்நிலை மே மாதம், முதன்மைத் தேர்வு 2023 பிப்ரவரி, முடிவு 2024 ஜனவரி. அதன் பிறகுதான் சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு, பயிற்சி.

பதவி உயர்வால் நிரம்பும் இடங்களுக்கு இந்தச் சாக்கு செல்லாது. யார் எந்த மாதக் கடைசி நாளில் ஓய்வு பெறுவார் என்பது பணிப்பதிவேட்டிலேயே இருக்கிறது. பதவி உயர்வுக்குத் தகுதியானவர்களின் தேர்ந்தோர் பட்டியலை முன்கூட்டியே தயார் செய்தால் மறுநாளே ஆள் அமரலாம். பதவி உயர்வுக்குத் தேவையான துறைத் தேர்வு மே, டிசம்பரில் மட்டும். ஒரு தாளில் தவறியவர் ஆறு மாதம் காத்திருக்கிறார், அதுவரை அந்த இடமும் காத்திருக்கிறது. கோப்பை நிறுத்தும் இருக்கை எதுவோ அதையே முதலில் நிரப்ப வேண்டும். கணவரை இழந்த முதிய பெண்மணியின் மருந்துச் செலவு அந்த மேசையில்தான் இருக்கிறது.

நீங்கள் செய்யக்கூடியது: மார்ச்சையும், சம்பளப் பட்டியல்கள் குவியும் மாதக் கடைசியையும் தவிருங்கள். வந்த முதல் வாரமே தாள்களைக் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகை வாங்குங்கள். ஓய்வூதியர் இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் குடும்பப் பாதுகாப்பு நிதி 50,000 ரூபாய்க்கும் அப்போதே விண்ணப்பியுங்கள். அம்மா உயிருடன் இருப்பதை உறுதிசெய்யும் அடுத்த ஆண்டு நேர்காணலுக்கு நீங்கள் வரத் தேவையில்லை. தபால்காரர் வீட்டுக்கே வந்து 70 ரூபாய்க்கு டிஜிட்டல் உயிர்வாழ்வுச் சான்று எடுத்துத் தருவார்.