பதிமூன்று பிட்சர்கள், 1,458 இன்னிங்ஸ்: பேஸ்பால் அணிக்கு எந்த வரிசை தாங்கும்?

வட அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீகில் ஓர் அணி சீசனில் 162 ஆட்டம் ஆடுகிறது. ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ் (எதிரணியில் மூன்று பேர் அவுட்டாகும் வரை வீசுவது ஒரு இன்னிங்ஸ்) என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 1,458 இன்னிங்ஸ். அத்தனையையும் யாராவது வீசியாக வேண்டும். 26 பேர் பட்டியலில் பந்து வீசும் பிட்சர்கள் 13 பேரைத் தாண்டக் கூடாது என்ற விதி 2022 ஜூன் முதல் அமலில் இருக்கிறது. பிப்ரவரி நடுவில் ஃபுளோரிடாவிலும் அரிசோனாவிலும் பயிற்சி முகாம்கள் தொடங்கும்போது ரசிகர்கள் "யார் சிறந்த 13 பேர்?" என்று பட்டியல் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்தப் பட்டியலைவிட எனக்கு முக்கியமாகப் படுவது சுமைக் கணக்கு. 1,458-இல் யார் பங்கு எவ்வளவு? ஒருவர் காயப்பட்டால் அவர் பங்கு யார் தலையில் விழும்?

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே பந்துவீச்சாளர் நான்கு ஓவர் வீசிவிட்டு எல்லைக்கோட்டருகே கொஞ்சம் இளைப்பாறி, மறுபடி வந்து வீசலாம். பேஸ்பாலில் ஆட்டத்தை விட்டு வெளியே போன பிட்சர் அன்றைக்குத் திரும்ப முடியாது. ஒவ்வொரு மாற்றமும் ஒரு ஆளைச் செலவழிக்கிறது. மறுநாளும் ஆட்டம் உண்டு.

ஸ்டார்ட்டர்களா, புல்பெனா?

பெரிய சண்டை இந்த இரண்டுக்கும் நடுவில்தான். ஆட்டத்தைத் தொடங்கி வீசுபவர் ஸ்டார்ட்டர்; அவருக்குப் பின் வந்து வீசும் ரிலீவர்களின் கூட்டம்தான் புல்பென். முதல் வழியில், காசையும் திறமையையும் ஐந்து ஸ்டார்ட்டர்களில் கொட்டுகிறார்கள். ஐவரும் முறை வைத்து வீசினால் ஆளுக்கு ஏறக்குறைய 32 ஆட்டம். ஆட்டத்துக்கு ஐந்தரை இன்னிங்ஸ் தாங்கினால் ஒருவருக்கு 176, ஐவருக்கும் சேர்த்து 880. மீதமுள்ள 578 இன்னிங்ஸை புல்பெனில் இருக்கும் எட்டுப் பேர் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு 72 வரும். இது நடக்கக்கூடிய கணக்கு.

இரண்டாவது வழியில் ஸ்டார்ட்டர்கள் சுமார்தான், ஆனால் ஐந்தாவது, ஆறாவது இன்னிங்ஸிலிருந்து எதிரணிக்குக் கதவைச் சாத்திவிடும் ரிலீவர்கள் இருப்பார்கள். காகிதத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஸ்டார்ட்டர்கள் சராசரியாக நாலரை இன்னிங்ஸோடு கிளம்பினால் ஐவருக்கும் சேர்த்து 720தான் தேறும். மிச்சம் 738. எட்டால் வகுத்தால் ஆளுக்கு 92. ஒரு இன்னிங்ஸ் மட்டும் முழு வேகத்தில் வீசும் ரிலீவர் ஒரு சீசனில் வழக்கமாக 60, 70 இன்னிங்ஸ்தான் வீசுவார். அதற்கு மேல் ஏற்றினால் ஆகஸ்டில் வேகம் குறையும், இல்லையென்றால் தோளோ முழங்கையோ மக்கர் பண்ணும்.

புல்பென் கட்சியினர் உடனே கான்சஸ் சிட்டி ராயல்ஸைக் காட்டுவார்கள். 2014இல் ஏழாவது இன்னிங்ஸுக்கு கெல்வின் ஹெரேரா, எட்டாவதுக்கு வேட் டேவிஸ், ஒன்பதாவதுக்கு கிரெக் ஹாலண்ட். அந்த மூவரைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். ஆனால் அதே ஆண்டு ஜேம்ஸ் ஷீல்ட்ஸும் ஜெரெமி கத்ரியும் ஆளுக்கு 200 இன்னிங்ஸுக்கு மேல் வீசினார்கள். ஜேசன் வர்காஸும் யோர்டானோ வென்ச்சுராவும் 180-ஐத் தாண்டினார்கள். இந்த நால்வரும் மூட்டையைச் சுமந்ததால்தான் அந்த மூவரும் அக்டோபரில் நடக்கும் பிளே-ஆஃபில் தெம்பாக நின்றார்கள். புகழ் கடைசியில் வருபவருக்குப் போய்விடுகிறது என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. அந்த ஆண்டு உலகத் தொடரின் (மேஜர் லீகின் இறுதிப் போட்டி, ஏழு ஆட்டம் வரை போகும்) ஏழாவது ஆட்டத்தை முடித்துவைத்ததும் ஒரு ஸ்டார்ட்டர்தான். எதிரணியான சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸின் மேடிசன் பம்கார்னர் இரண்டே நாள் ஓய்வில் ரிலீவராக இறங்கி, ஐந்து இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் வீசினார். ராயல்ஸ் கோப்பையை வென்றது அடுத்த ஆண்டு.

2019 வாஷிங்டன் நேஷனல்ஸ் இன்னும் தெளிவான உதாரணம். அவர்களுடைய புல்பென் அந்த ஆண்டு, மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான தேசிய லீகின் மிக மோசமான புல்பென்களில் ஒன்று. முதல் 50 ஆட்டத்தில் 19 வெற்றி, 31 தோல்வி. ஆனால் மேக்ஸ் ஷெர்ஸர், ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்க், பேட்ரிக் கார்பின் என்று மூன்று ஸ்டார்ட்டர்கள் இருந்தார்கள். பிளே-ஆஃபில் புல்பெனின் ஓட்டையை ஸ்டார்ட்டர்களை வைத்தே அடைத்தார்கள். உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் ஷெர்ஸருக்குப் பின் மூன்று இன்னிங்ஸ் வீசியவர் கார்பின். 2025இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸும் இதையே செய்தது. யோஷினோபு யமமோட்டோ உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் 96 பந்து வீசிவிட்டு, மறுநாள் ஏழாவது ஆட்டத்தில் ரிலீவராக வந்து கடைசி வரை நின்றார். ஸ்டார்ட்டராக வந்த ரோக்கி சசாக்கி அந்த பிளே-ஆஃப் முழுக்க ரிலீவர் வேலை பார்த்தார். ஸ்டார்ட்டரைச் சுருக்கி ரிலீவராக்கலாம். ஒரு இன்னிங்ஸ் ரிலீவரை சீசன் நடுவில் நீட்டி ஸ்டார்ட்டராக்குவது அவ்வளவு சுலபம் இல்லை.

ஸ்டார்ட்டர் வழியில் பெரிய ஆபத்தும் இருக்கிறது. 2019 வெற்றிக்குப் பிறகு ஸ்ட்ராஸ்பர்க்குக்கு ஏழு ஆண்டுக்கு 24.5 கோடி டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. அதற்கப்புறம் அவரால் எட்டு ஆட்டங்களில்தான் இறங்க முடிந்தது. ஒரே தோளில் இவ்வளவு சுமையை வைத்தால் அந்தத் தோள் சாயும்போது சீசனும் சாயும். 2024இல் இரு லீகிலும் சேர்த்து 200 இன்னிங்ஸைத் தொட்டவர்கள் நான்கே பேர் என்பதையும் பார்க்க வேண்டும். பழைய காலம்போல ஏழெட்டு இன்னிங்ஸ் தாங்கும் ஐவர் இன்று எந்த அணியிடமும் இல்லை.

மூன்றாவது முறை அதே பிட்சரைச் சந்திக்கும்போது பேட்டர்கள் நன்றாக அடிக்கிறார்கள் என்பதும் நிஜம்தான். 2020 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் டாம்பா பே ரேஸ் மேலாளர் கெவின் கேஷ் இதை நினைத்துத்தான் பிளேக் ஸ்னெல்லை 73 பந்தோடு வெளியே எடுத்தார். அதுவரை ஸ்னெல் கொடுத்தது இரண்டே ஹிட் (பேட்டர் பந்தை அடித்து பேஸ் சேர்வது), ஸ்ட்ரைக்அவுட்டில் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்) வீழ்த்தியது ஒன்பது பேரை. அவர் போனதும் டாட்ஜர்ஸ் முன்னிலை பெற்றுக் கோப்பையையும் வென்றது. அந்த ஒரு ஆட்டத்தை வைத்துக் கொள்கையே தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது தினம் தினம் செய்யக்கூடிய காரியம் இல்லை. ஓய்வு நாட்கள் நிறைய உள்ள அக்டோபருக்கு ஒத்துவரும் முறையை நம்பி ஏப்ரலில் அணியைக் கட்டினால் ஜூலையில் ஆளில்லாமல் நிற்க வேண்டிவரும்.

ஆறு பேர் சுழற்சி, ஓப்பனர்

ஜப்பானில் ஸ்டார்ட்டர் பொதுவாக வாரத்துக்கு ஒரு முறைதான் வீசுவார். அங்கிருந்து வருபவர்களுக்காக அமெரிக்க அணிகளும் சில சமயம் ஆறு ஸ்டார்ட்டர்களை வைத்துக்கொள்கின்றன. கைகளுக்கு இது நல்லது. விலை என்ன என்று பார்த்தால், ஒருவருக்கு 32 ஆட்டம் கிடைத்த இடத்தில் 27தான். அதாவது உங்கள் முதல்தர பிட்சரின் ஐந்து ஆட்டம் ஆறாவது ஆளுக்குப் போகிறது. புல்பெனும் ஏழு பேராகச் சுருங்கும். ஷோஹெய் ஒடானியைப்போல பந்துவீச்சு, பேட்டிங் என இரு வேலையும் செய்பவர் அந்த 13இல் கணக்கிடப்படுவதில்லை என்பதால் டாட்ஜர்ஸுக்கு இது கட்டுப்படியாகிறது. மற்றவர்களுக்கு, தொடர்ந்து ஆட்டம் நெருக்கும் சில வாரங்களுக்கு மட்டும் ஆறாவது ஆளை இறக்குவதே போதும்.

ஓப்பனர் முறையை ரேஸ் 2018 மே 19 அன்று தொடங்கியது. ரிலீவர் செர்ஜியோ ரோமோ முதல் இன்னிங்ஸை மட்டும் வீசினார், பிறகு ரயன் யார்ப்ரோ வந்து நீண்ட நேரம் வீசினார். யார்ப்ரோ அந்த சீசனில் 16 ஆட்டம் வென்றார், அணி 90 வென்றது. கவனியுங்கள், அங்கேயும் பெரும் சுமை இரண்டாவதாக வந்தவர் தோளில்தான். அப்படி ஒரு ஆள் இல்லாத அணிக்கு ஓப்பனரால் பெரிய பலன் இல்லை. ஐந்தாவது ஸ்டார்ட்டர் பலவீனமாக இருந்தால் அந்த ஒரு நாளுக்கு மட்டும் பயன்படுத்தலாம்.

இடது கை ரிலீவர் எத்தனை பேர் வேண்டும் என்பது முன்பு பெரிய கேள்வி. 2020இல் வந்த விதிப்படி ஒரு பிட்சர் மூன்று பேட்டர்களையாவது சந்திக்க வேண்டும், அல்லது இன்னிங்ஸ் முடிய வேண்டும். எனவே ஒரே ஒரு இடது கை பேட்டரைச் சமாளிக்க என்று ஒரு ரிலீவருக்கு இடம் ஒதுக்குவது வீண்.

கடைசி இடங்கள்

என் தேர்வு ஸ்டார்ட்டர் பக்கம்தான், ஒரு நிபந்தனையோடு: ஆறு, ஏழு, எட்டாவது ஸ்டார்ட்டர் யார் என்பது மார்ச்சிலேயே முடிவாகியிருக்க வேண்டும். ஐந்தாவது இடத்துக்கு அனுபவசாலியும் இளைஞரும் சமமாக மோதினால், முகாமில் யார் எத்தனை ரன் கொடுத்தார் என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். எதிரே ஆடுபவர்களில் பாதிப்பேர் மைனர் லீக் (மேஜர் லீகுக்குக் கீழ்மட்ட லீக்) ஆட்கள். அரிசோனாவின் வறண்ட காற்றில் பந்து நினைத்தபடி வளையாது. புதிய பந்துவகையைச் சோதிப்பவர் வேண்டுமென்றே அதையே திரும்பத் திரும்ப வீசுவார். வேகம் போன ஆண்டு அளவில் இருக்கிறதா, முகாம் முடிவதற்குள் 75, 80 பந்து வரை போக முடிகிறதா என்று பார்த்தால் போதும்.

அடுத்தது ஒப்பந்த விதி. ஆப்ஷன் (வீரரை மைனர் லீகுக்கு அனுப்ப அணிக்குள்ள உரிமை) மிச்சமிருக்கும் இளைஞரை மைனர் லீகுக்கு அனுப்பித் திரும்ப அழைக்கலாம். பிட்சர் என்றால் வழக்கமாக 15 நாள் அங்கே இருக்க வேண்டும், ஒரு சீசனில் ஐந்து முறைக்கு மேல் அனுப்ப முடியாது. ஆப்ஷன் தீர்ந்தவரை இறக்க நினைத்தால் முதலில் மற்ற அணிகள் அவரை எடுத்துக்கொள்ள வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அதனால் இருவரும் சமம் என்றால் அனுபவசாலியை வைத்துக்கொண்டு இளைஞரை மைனர் லீகின் மேல்மட்டமான டிரிபிள்-ஏ அணியில் ஸ்டார்ட்டராகவே வீச விடுவேன். மே மாதம் யாருக்காவது முழங்கை வலித்தால் 90 பந்துக்குத் தயாராக ஒருவர் இருப்பார். அவரை மேலே வைத்துக்கொண்டு ரிலீவராக அவ்வப்போது ஒரு இன்னிங்ஸ் வீச விட்டால், தேவைப்படும் நாளில் 40 பந்தோடு களைத்துவிடுவார்.

புல்பெனின் எட்டுப் பேரில் இருவராவது ஆப்ஷன் உள்ளவர்களாகவும், ஒருவர் மூன்று இன்னிங்ஸ் தாங்குபவராகவும் இருக்க வேண்டும். நீட்டக்கூடிய ரிலீவரை நீட்டிப்பார்க்கும் நேரமும் மார்ச்தான். சேத் லுகோ பல ஆண்டு ரிலீவராக இருந்து 2023இல் ஸ்டார்ட்டரானார், 2024இல் அமெரிக்கன் லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாக்கெடுப்பில் இரண்டாம் இடம். கேரட் க்ரோஷேயும் 2024இல் அப்படித்தான் மாறினார், அந்த ஆண்டே 32 ஆட்டங்களைத் தொடங்கினார். உங்கள் புல்பெனில் நான்கு வகைப் பந்து தெரிந்த ஒருவர் இருந்தால், முகாமின் முதல் நாளிலிருந்தே ஸ்டார்ட்டர் அட்டவணையில் போடுங்கள். ஏப்ரலில் அவர் தேவையில்லை என்று தெரிந்தால் அப்போது சுருக்கிக்கொள்ளலாம்.