மூன்றடித் தொட்டியும் பதினோரு அங்குல ஆஸ்காரும்: 22 மாதங்களுக்குப் பின் ஒரு மதிப்பீடு

சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் உள்ள ஒரு கடையில், மூன்றடிக் கண்ணாடித் தொட்டி ஒன்றை மூடி, விளக்கு, உள்ளே பொருத்தும் ஃபில்டர், இரும்பு ஸ்டாண்டு ஆகியவற்றோடு ஒரே செட்டாக வாங்கி 22 மாதங்கள் ஆகின்றன. செய்நேர்த்தியில் குறை சொல்ல எதுவும் இல்லை. சிலிக்கான் ஒட்டு இதுவரை ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. கண்ணாடி விளிம்புகள் கையைக் கிழிக்காதபடி தேய்க்கப்பட்டிருந்தன. ஸ்டாண்டின் கால்கள் இன்றும் ஆடாமல் நிற்கின்றன. அப்படியிருந்தும் ஐந்துக்கு மூன்று மதிப்பெண்ணுக்கு மேல் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை என்றால், அதற்குக் காரணம் அந்த செட்டோடு இலவசமாகக் கிடைத்த இரண்டு அங்குல ஆஸ்கார் மீன் குட்டிதான்.

"இந்தத் தொட்டிக்குப் போதுமா?" என்று அன்றைக்கே கேட்டேன். "தாராளமாகப் போதும் சார், தொட்டிக்குத் தகுந்த மாதிரிதான் மீன் வளரும்" என்று கடையில் இருந்தவர் சொன்னார். மீன் வளர்ப்பவர்களிடையே நெடுநாளாகப் புழங்கும் இந்த நம்பிக்கை தவறானது. அமேசான் ஆற்றுப் படுகையைச் சேர்ந்த ஆஸ்கார், நல்ல தீனி கிடைத்தால் ஓராண்டுக்குள்ளேயே பெரும்பகுதி வளர்ந்துவிடுகிறது. வீட்டுத் தொட்டிகளில்கூட ஓர் அடி நீளத்தை எட்டுவது அதற்கு இயல்பு. பத்தாண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. நெருக்கடியான தொட்டியில் வளர்ச்சி குன்றிய மீன்களைப் பார்க்க முடியும் என்பது உண்மைதான். ஆனால் அவை இடத்துக்கு ஏற்பத் தம்மைச் சுருக்கிக்கொண்டவை என்று எண்ணுவதைவிட, கழிவு தேங்கிய நீரில் நலிந்துபோனவை என்று கொள்வதே பொருத்தம்.

எங்கள் கருப்பன் (என் மகள் வைத்த பெயர்) நலியவில்லை, வளர்ந்தான். கடந்த மாதம் தொட்டிக்கு வெளியே அளவு நாடாவைப் பிடித்துப் பார்த்தபோது பதினோரு அங்குலம் இருந்தான். தொட்டியின் அகலமோ பன்னிரண்டு அங்குலம்தான். நீளம் மூன்று அடி இருக்கிறதே என்று கடைக்காரர்கள் காட்டுவார்கள். ஆனால் ஒரு பெரிய மீனுக்குத் தொட்டி போதுமா என்பதை முன்பின் அகலத்தைக் கொண்டுதான் தீர்மானிக்க வேண்டும் என்பதை நான் தாமதமாகவே உணர்ந்தேன். திரும்பும்போதெல்லாம் அவனுடைய வால் பின்பக்கக் கண்ணாடியில் உரசியது. உடலை வளைத்துத்தான் அவனால் திரும்ப முடிந்தது.

இடம் ஒரு பிரச்சினை என்றால் தண்ணீர் அதைவிடப் பெரிய பிரச்சினை. தொட்டியின் முழுக் கொள்ளளவு 121 லிட்டர். கூழாங்கல்லும் மேலே விட வேண்டிய இடைவெளியும் போக, உண்மையில் நிற்பது நூறு லிட்டர்தான். ஆஸ்கார் நிறையத் தின்று நிறையக் கழிக்கும் மீன். ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் மீன் கழிவிலிருந்து உண்டாகும் அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றிக் கொடுக்குமே தவிர, அந்த நைட்ரேட்டை வெளியேற்ற நாம்தான் வாளி தூக்க வேண்டும். முதல் ஆண்டில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று வாளி மாற்றினால் போதுமாக இருந்தது. பிறகு புதன்கிழமையும் சேர்ந்தது. அப்படியும் நைட்ரேட் சோதனைக் குழாயின் நிறம் 40 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 40 பங்கு) அளவுக்குக் கீழே இறங்க மறுத்தது. செட்டில் வந்த ஃபில்டர் சின்ன மீன்களுக்கு நன்றாகவே உழைக்கும். இந்த மீனுக்கு அது பொம்மைதான்.

மீனை வேறிடத்துக்கு அனுப்புவதா என்ற கேள்வியை மூன்று மாதங்கள் தள்ளிப்போட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆஸ்கார் ஆளை அடையாளம் காணும் மீன். மகள் பள்ளி விட்டு வந்ததும் கண்ணாடியோரம் வந்து நிற்பான். முதலில் ஆறடித் தொட்டிக்குக் கணக்குப் போட்டேன். ஆறுக்கு இரண்டுக்கு இரண்டு அடி என்றால் தண்ணீர் மட்டுமே ஏறத்தாழ 650 கிலோ; கண்ணாடியும் ஸ்டாண்டும் சேர்ந்தால் 800 கிலோவை எட்டும். இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருப்பவன் வீட்டு உரிமையாளரிடம் கேட்கக்கூடிய விஷயம் அதுவன்று. உறவினர் ஒருவர் ஏரியில் விட்டுவிடச் சொன்னார். அயல்நாட்டு மீன்களை நம் நீர்நிலைகளில் விடுவது உள்ளூர் மீன்களுக்குச் செய்யும் கேடு. 'டேங்க் கிளீனர்' என்று விற்கப்படும் மீன் ஏரிகளில் பெருகி மீனவர் வலைகளைப் பாழாக்குவதைப் பார்த்த பிறகும் அந்த யோசனையைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

வாங்கிய கடையிலேயே கேட்டதற்கு, விலை எதுவும் தர இயலாது, ஆனால் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். அதை நேர்மையான பதிலாகவே எடுத்துக்கொண்டேன். ஆனால் திரும்பி வந்த பெரிய மீன்களை அவர்கள் வைத்திருக்கும் தொட்டியைப் பார்த்ததும் தயங்கினேன். நாலடித் தொட்டியில் வால் கிழிந்த மூன்று ஆஸ்கார்களும் ஓர் அரோவானா மீனும் கிடந்தன. கடைசியில் நண்பர் ஒருவர் மூலம், திருவள்ளூர் பக்கம் மாடியில்லாத தனி வீட்டில், கூரையிட்ட பத்தடி சிமெண்டுத் தொட்டி வைத்திருப்பவர் கிடைத்தார். நேரில் போய், ஏற்கெனவே அதில் இருக்கும் மீன்கள் கருப்பனை ஒத்த அளவினவா, நீர் ஓட்டமும் ஃபில்டரும் எப்படி என்று பார்த்த பிறகே சம்மதித்தேன்.

அனுப்புவதற்கு முன் இரண்டு நாள் தீனியை நிறுத்தினேன். வழியில் நீர் கெடாமலிருக்க அது உதவுகிறது. மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் பழைய தொட்டி நீரையே பாதி நிரப்பி, பேட்டரி ஏர் பம்ப் வைத்து, விடியற்காலையில் கொண்டுபோனோம். அங்கே நான்கு நாள் மூலையிலேயே கிடந்தவன் ஐந்தாம் நாள் தீனி எடுத்தான் என்று வீடியோ வந்தது.

தொட்டி இப்போதும் வீட்டில்தான் இருக்கிறது. பிளாட்டி, டெட்ரா போன்ற சின்ன மீன்களுக்கு இதை எந்தத் தயக்கமும் இன்றிப் பரிந்துரைப்பேன். அந்த மீன்களைக் கருதினால் நான்கரை மதிப்பெண்கூடத் தரலாம். இலவச ஆஸ்காரை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கருப்பன் துள்ளித் தள்ளிவிடாதபடி மூடியின்மேல் வைத்திருந்த செங்கல்லை நேற்றுதான் எடுத்துக் கீழே வைத்தோம்.